துத்தநாகமும் மயில்துத்தமும்: எலக்ட்ரான் கைமாறும்போது ஆற்றல் என்ன ஆகிறது?

ஆக்சிஜனேற்றம், ஆக்சிஜனொடுக்கம் என்ற பாடத்தைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் நாளே ஒரு நீண்ட விதிப் பட்டியல் கையில் கிடைத்துவிடுகிறது. அதை மனப்பாடம் செய்து, சமன்பாடுகளைச் சமன்செய்யவும் பழகிவிடுகிறார்கள். ஆனால் எலக்ட்ரான் இடம் மாறினால் ஏன் சூடு வருகிறது, அதே வினையிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது என்று கேட்டால் பலரால் சொல்ல முடிவதில்லை. வரிசையை மாற்றிப் படித்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பது என் நம்பிக்கை. ஒரே ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்ணால் பாருங்கள், எலக்ட்ரானை எண்ணுங்கள், சூட்டை அளங்கள். பிறகு அதை இரண்டாகப் பிரித்து வோல்ட் பாருங்கள், கடைசியில் திருப்பியும் ஓட்டுங்கள். இவ்வளவும் செய்தவருக்கு விதிகள் சுமையாக இருக்காது.

நான் எடுத்துக்கொள்ளும் வினை, துத்தநாக உலோகத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் போடும்போது நடப்பது. லண்டனில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் ஃபிரெடெரிக் டேனியல் 1836-இல் இதை வைத்துத்தான் தன் மின்கலத்தை உருவாக்கினார். தந்தி நிலையங்கள் பல ஆண்டுகள் அதை நம்பி இயங்கின.

பொருள்களைச் சேர்த்தல்

மயில்துத்தம் என்று கேட்டால் உரக்கடையிலோ நாட்டு மருந்துக்கடையிலோ நீலப் படிகமாகக் கொடுப்பார்கள். பயிருக்குப் போர்டோ கலவை தயாரிப்பவர்கள் வாங்கும் அதே பொருள், பாடநூலில் காப்பர் சல்பேட். அதே உரக்கடையில் ஜிங்க் சல்பேட்டும் கிடைக்கும். துத்தநாகத் தூளும் தகடும் பள்ளி ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்க வேண்டும். தாமிரத்துக்குப் பழைய ஒயரின் மேலுறையை உரித்து, உள்ளே இருக்கும் கம்பியைச் சுருட்டிக்கொண்டால் போதும். இவற்றோடு ஒரு மல்டிமீட்டர், ஆய்வக வெப்பமானி, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒரு தெர்மோகோல் கப். அப்புறம் மெருகு பூசாத சுட்ட மண் குவளை ஒன்றும் வேண்டும். அது எதற்கு என்பது கலம் செய்யும்போது தெரியும்.

மயில்துத்தம் நச்சுப்பொருள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். துத்தநாகத் தூளை நெருப்புக்குப் பக்கத்தில் திறக்கக் கூடாது. சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

முதலில் வெறுமனே பாருங்கள்

ஒரு குவளையில் மயில்துத்தம் கரைத்த நீலக் கரைசலை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்த துத்தநாகத் தகட்டைப் பாதி மூழ்கும்படி வையுங்கள். சில நொடிகளிலேயே தகடு கறுக்கும். அந்தக் கறுப்பு தாமிரம்தான். மிக நுண்ணிய துகள்களாகப் படிவதால் அப்படித் தெரிகிறது. நேரம் ஆக ஆக அது பஞ்சுபோல் தடித்துச் செம்பழுப்பாகும். சில மணி நேரம் விட்டுவைத்தால் கரைசலின் நீலம் வெளுக்கும், தகடு மெலியும்.

நீல நிறம் தாமிர அயனியால், அதாவது மின்சுமை ஏறிய தாமிர அணுவால் வருவது. நீலம் குறைந்தால் தாமிர அயனி குறைகிறது என்று அர்த்தம். தகடு மெலிந்தால் துத்தநாகம் கரைசலுக்குள் போயிருக்கிறது. ஆக இரண்டு மாற்றங்கள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன:

துத்தநாகம் → துத்தநாக அயனி (2+) + 2 எலக்ட்ரான்
தாமிர அயனி (2+) + 2 எலக்ட்ரான் → தாமிரம்

எலக்ட்ரானை இழக்கும் முதல் பாதி ஆக்சிஜனேற்றம். பெறும் இரண்டாம் பாதி ஆக்சிஜனொடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று வாசித்துக்கொள்ளுங்கள். இந்த வினையில் ஆக்சிஜன் பங்கெடுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆக்சிஜனோடு சேர்வது எலக்ட்ரானை இழக்கும் பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். சல்பேட் அயனி தொடக்கத்திலும் சல்பேட், முடிவிலும் சல்பேட்.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் இங்கே உண்டு. துத்தநாகம் தானே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதனால் அது ஆக்சிஜனொடுக்கி. தாமிர அயனி தானே ஒடுக்கம் அடைகிறது; அதனால் அது ஆக்சிஜனேற்றி. குழப்பம் வந்தால் பெயரை விட்டுவிட்டு, எலக்ட்ரான் யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள்.

எலக்ட்ரானை எண்ணுதல்

மேலே உள்ள வினையில் எண்ணுவது சுலபம், இரண்டு போகிறது, இரண்டு வருகிறது. சேர்மங்களுக்குள் எலக்ட்ரான் எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிக்கத்தான் ஆக்சிஜனேற்ற எண் தேவைப்படுகிறது. மளிகைக்கடைப் பற்றுவரவு நோட்டுபோல அது ஒரு கணக்கு முறை: யார் பேரில் எவ்வளவு என்று எழுதிவைக்க உதவும், அணுவின் மேல் உண்மையில் அவ்வளவு மின்சுமை இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தனிமமாக இருந்தால் சுழி. ஒற்றை அணு அயனி என்றால் அதன் மின்சுமையே எண். சேர்மத்தில் ஆக்சிஜன் பெரும்பாலும் −2, பெராக்சைடில் −1. ஹைட்ரஜன் +1, உலோக ஹைட்ரைடில் −1. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த மின்சுமை வர வேண்டும். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

பெர்மாங்கனேட் அயனியில் போட்டுப் பார்ப்போம். அதில் ஒரு மாங்கனீசு, நான்கு ஆக்சிஜன், மொத்த மின்சுமை −1. ஆக்சிஜன்களின் பங்கு −8. அப்படியானால் மாங்கனீசு +7. அமிலக் கரைசலில் அது மாங்கனீசு அயனி 2+ ஆகிறது. ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் ஐந்து எலக்ட்ரான் வாங்கியிருக்கிறது:

பெர்மாங்கனேட் + 8 ஹைட்ரஜன் அயனி + 5 எலக்ட்ரான் → மாங்கனீசு அயனி (2+) + 4 நீர்

நான்கு ஆக்சிஜன்கள் நீராகப் போக வேண்டுமென்றால் எட்டு ஹைட்ரஜன் தேவை. அந்த எட்டு அங்கிருந்து வந்தது. மின்சுமையையும் சரிபாருங்கள்: இடப்பக்கம் −1 + 8 − 5 = +2, வலப்பக்கம் +2. பள்ளி ஆய்வகத்தில் இந்த ஊதாக் கரைசலை இரும்பு அயனி 2+ கரைசலோடு தரம்பார்ப்பார்கள், அதாவது ஒன்றுக்கு மற்றது எவ்வளவு சரியாகத் தேவை என்று சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார்கள். ஓர் இரும்பு அயனி 2+ இலிருந்து 3+ ஆகும்போது ஒரே ஓர் எலக்ட்ரான்தான் கொடுக்கும். ஆகவே ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு. எவ்வளவு நீளமான சமன்பாடு வந்தாலும் இதே வரிசைதான்: எண் மாறும் அணுவைக் கண்டுபிடி, பாதிகளைத் தனித்தனியாக எழுது, ஆக்சிஜனை நீரால் சரிசெய், ஹைட்ரஜனை ஹைட்ரஜன் அயனியால் சரிசெய், எலக்ட்ரானைச் சமமாக்கிக் கூட்டு.

சூட்டை அளத்தல்

இனி துத்தநாகத்துக்குத் திரும்புவோம். தெர்மோகோல் கப்பில் 50 மில்லி தண்ணீர், அதில் 2.5 கிராம் மயில்துத்தம். நன்றாகக் கரையட்டும். மோல் என்பது டஜன் போல, துகள்களை எண்ணுவதற்கான ஓர் அளவு. மயில்துத்தத்தின் ஒரு மோல் 249.7 கிராம், எனவே நம்மிடம் இருப்பது 0.01 மோல். வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, 1.5 கிராம் துத்தநாகத் தூளைக் கொட்டிக் கலக்குங்கள். 0.65 கிராம் இருந்தாலே 0.01 மோல் ஆகிவிடும். தாமிர அயனி மிச்சமின்றி வினைபுரிய வேண்டும் என்பதற்காகக் கூடுதலாகப் போடுகிறோம். கலக்கிக்கொண்டே இருந்து, வெப்பமானி தொடும் உச்சத்தைக் குறியுங்கள்.

எவ்வளவு ஏற வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். இந்த வினையில் ஒரு மோலுக்குச் சுமார் 219 கிலோஜூல் வெளியேறும். 0.01 மோலுக்கு 2,190 ஜூல். 50 கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 209 ஜூல் வேண்டும். வகுத்தால் ஏறத்தாழ பத்தரை டிகிரி. கப், வெப்பமானி, சுற்றியுள்ள காற்று எல்லாம் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தராசையும் வெப்பமானியையும் வைத்துக்கொண்டு ஒரு வேதிவினையின் ஆற்றலை வீட்டு மேசையிலேயே இவ்வளவு நெருக்கமாக அளக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

அந்த 219 எங்கிருந்து வந்தது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். இந்தப் பாடத்தில் மிக அதிகமாகத் தவறாகச் சொல்லித்தரப்படுவது இதுதான்.

"துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது" என்று வகுப்பில் சொல்வது வழக்கம். கணக்கைப் பார்த்தால் அப்படியில்லை. ஒரு மோல் துத்தநாக உலோகத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்கச் சுமார் 130 கிலோஜூல் செலவாகும். ஒவ்வோர் அணுவிலிருந்தும் முதல் எலக்ட்ரானை எடுக்க 906, இரண்டாவதை எடுக்க 1,733. மொத்தம் சுமார் 2,770 கிலோஜூல், எல்லாமே செலவு. எலக்ட்ரானை எந்த அணுவும் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை.

மறுபக்கம் வரவைப் பாருங்கள். தாமிர அயனி இரண்டு எலக்ட்ரானையும் திரும்ப வாங்கும்போது 1,958-உம் 745-உம் கிடைக்கிறது. அப்படி உருவான தாமிர அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து உலோகமாகும்போது இன்னும் 337. மொத்தம் சுமார் 3,040. செலவு போக மிச்சம் 270.

இன்னும் தண்ணீரின் பங்கு இருக்கிறது. கரைசலில் அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. தாமிர அயனியை அந்தப் பிடியிலிருந்து விடுவிக்க ஆகும் செலவு, துத்தநாக அயனி அதே பிடிக்குள் போகும்போது கிடைக்கும் வரவைவிடச் சுமார் 50 கிலோஜூல் அதிகம். 270-இல் அதைக் கழித்தால் நாம் அளந்த 219-இன் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இப்போது எந்த வித்தியாசம் பெரியது என்று பாருங்கள். எலக்ட்ரானை எடுப்பதிலும் கொடுப்பதிலும் இரு உலோகங்களுக்கும் உள்ள வேறுபாடு 64 கிலோஜூல்தான். உலோகப் பிணைப்பில் உள்ள வேறுபாடோ 207. துத்தநாக அணுக்கள் உலோகத்துக்குள் ஒன்றையொன்று தளர்வாகப் பிடித்திருக்கின்றன. தாமிர அணுக்கள் இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன. துத்தநாகம் 420 டிகிரியில் உருக, தாமிரத்தை உருக்க 1,085 டிகிரி தேவைப்படுவதில் இதே வித்தியாசம் தெரிகிறது. கப்பில் ஏறிய சூட்டின் பெரும்பகுதி, பலவீனமான உலோகம் கலைந்து பலமான உலோகம் உருவானதால் வந்தது.

லித்தியத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். ஓர் எலக்ட்ரானை எடுக்க லித்தியத்துக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496. எலக்ட்ரானை எடுப்பதை மட்டும் வைத்துச் சொன்னால் சோடியம்தான் முந்த வேண்டும். ஆனால் நீர்க்கரைசலில் லித்தியம்தான் முந்துகிறது, ஏனென்றால் அதன் சின்னஞ்சிறிய அயனியை நீர் மிக வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் பரிமாற்றத்தின் ஆற்றலைக் கேட்டால் எலக்ட்ரானை மட்டும் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். உலோகத்தையும் தண்ணீரையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிரித்து வைத்தால் மின்சாரம்

கப்பில் எலக்ட்ரான் துத்தநாகத்திலிருந்து தன்னைத் தொட்ட தாமிர அயனிக்கு நேராகப் போனது. வழியில் நாம் எதையும் மாட்ட முடியவில்லை, அதனால் எல்லாம் சூடாகவே வெளியேறியது. இரண்டையும் தொடவிடாமல் வைத்து, எலக்ட்ரானுக்கு ஒயரை மட்டும் வழியாகக் கொடுத்தால்? டேனியல் செய்தது அதுதான்.

100 மில்லி தண்ணீரில் 12.5 கிராம் மயில்துத்தத்தைக் கரைத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். சுருட்டிய தாமிரக் கம்பியை அதில் வையுங்கள். இன்னொரு 100 மில்லியில் 14.4 கிராம் ஜிங்க் சல்பேட்டைக் கரையுங்கள். படிகத்தில் ஏழு நீர் மூலக்கூறுகள் உள்ள வகைக்கு இந்த அளவு. பையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் இப்போது ஒரே செறிவு. மண் குவளையை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்து, ஜிங்க் சல்பேட் கரைசலை அதில் ஊற்றித் துத்தநாகத் தகட்டை நிறுத்துங்கள். பிறகு மண் குவளையை நீலக் கரைசலுக்குள் இறக்குங்கள். விளிம்பு மேலே இருக்கட்டும்.

மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியைத் தாமிரத்திலும் கறுப்பைத் துத்தநாகத்திலும் தொடுங்கள். 1.1 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். கம்பிகளை மாற்றித் தொட்டால் அதே எண் கழித்தல் குறியோடு வரும். இப்போது மண் குவளையைத் தூக்கி வெளியே வையுங்கள். ஒயர் அப்படியே இருந்தும் மீட்டர் நிலையாக எதுவும் காட்டாது.

ஏன் என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். துத்தநாகம் கரையும்போது அதன் பக்கம் நேர்மின்சுமை குவியும். தாமிர அயனிகள் படியும்போது மறுபக்கம் சல்பேட் மிஞ்சும். இந்த ஏற்றத்தாழ்வு துளியளவு ஏற்பட்டாலும் எலக்ட்ரான் ஓட்டம் நின்றுவிடும். மண் குவளையின் நுண்துளைகள் வழியாகச் சல்பேட் துத்தநாகப் பக்கமும், நேரயனிகள் தாமிரப் பக்கமும் நகர்ந்து சரிசெய்கின்றன. அதேசமயம் இரு கரைசல்களும் சட்டென்று கலந்துவிடாமலும் குவளை பார்த்துக்கொள்கிறது. டேனியல் முதலில் மாட்டின் உணவுக்குழாய்ச் சவ்வைப் பயன்படுத்தினார். பிறகுதான் நுண்துளை மண்பாத்திரம் வந்தது. பாடநூலில் வரும் உப்புப் பாலத்துக்கும் இதே வேலைதான்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான் கரைசல் வழியாகப் பயணிப்பதில்லை. ஒயரில் எலக்ட்ரான், கரைசலில் அயனி. தேர்வுத்தாள்களில் படம் வரையும்போது இந்த அம்புக்குறியில்தான் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். அதேபோல, ஆக்சிஜனேற்றம் நடக்கும் மின்வாய் எப்போதும் ஆனோடு, ஒடுக்கம் நடப்பது எப்போதும் கேத்தோடு. கூட்டல், கழித்தல் குறியை வைத்து மின்வாய்க்குப் பெயர் சொல்லாதீர்கள். மின்கலத்துக்கும், மின்சாரம் செலுத்தி வினையை நடத்தும் மின்னாற்பகுப்புக்கும் அந்தக் குறிகள் இடம் மாறும்.

வோல்ட்டிலிருந்து ஜூலுக்கு

வோல்ட் என்பது ஒரு கூலூம் மின்சுமைக்கு எத்தனை ஜூல் என்பதுதான். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை 96,485 கூலூம். இதற்கு ஃபாரடே மாறிலி என்று பெயர். நம் வினையில் இரண்டு மோல் எலக்ட்ரான், 1.10 வோல்ட். மூன்றையும் பெருக்குங்கள்: 2 × 96,485 × 1.10 = சுமார் 2,12,000 ஜூல், அதாவது 212 கிலோஜூல்.

கப்பில் 219, கலத்தில் 212. இந்த 212 தான் கிப்ஸ் கட்டிலா ஆற்றல், மின்சாரமாக எடுக்கக்கூடிய உச்ச அளவு. மீதி ஏழு கிலோஜூல், எவ்வளவு நுணுக்கமாகக் கலத்தைக் கட்டினாலும் வெப்பமாகவே போகும். என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, மாறுவதற்கான பங்கு அது. கலத்தை வேலை எதுவும் செய்யவிடாமல் குறுக்கே இணைத்துவிட்டால் 219-உம் சூடாகிவிடும். ஆற்றலின் மொத்தம் மாறாது, அது எந்த வடிவில் வெளியேறுகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதும் எலக்ட்ரானை எண்ணினால் தெரியும். ஒரு கிராம் துத்தநாகம் என்பது 65.4-இல் ஒரு பங்கு மோல். அதை 2 × 96,485 ஆல் பெருக்கினால் 2,950 கூலூம். 3,600 ஆல் வகுத்தால் 0.82 ஆம்பியர்-மணி. கைபேசி பேட்டரியில் எழுதியிருக்கும் மொழியில் சொன்னால் 820 மில்லிஆம்பியர்-மணி, ஒரே ஒரு கிராமில்.

செறிவு மாறினால் வோல்ட்டும் கொஞ்சம் மாறும். நீலக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துவிட்டு அளந்தால் சுமார் 0.03 வோல்ட் குறையும். இரண்டு எலக்ட்ரான் கைமாறும் வினையில், 25 டிகிரியில், ஒவ்வொரு பத்து மடங்குக்கும் இவ்வளவுதான் இறக்கம். அப்படியானால் 1.10 வோல்ட் முழுவதும் தீர எத்தனை பத்து மடங்கு வேண்டும்? சுமார் 37. ஒன்றுக்குப் பின்னால் 37 சுழியங்கள் போட்ட விகிதத்தில் துத்தநாக அயனி மிகுந்த பிறகுதான் இந்த வினை சமநிலைக்கு வரும். கப்பில் நீலம் முழுதாகப் போய்விட்டதற்கு இதுதான் காரணம்.

மற்ற உலோகங்களுக்குப் போகலாம்

இனி திட்ட மின்முனை அழுத்தங்களின் பட்டியல், அதாவது ஹைட்ரஜனைச் சுழியாக வைத்து ஒவ்வோர் உலோகத்துக்கும் தரும் வோல்ட் மதிப்புகள், பயமுறுத்தாது. வோல்ட்டில்: மக்னீசியம் −2.37, அலுமினியம் −1.66, துத்தநாகம் −0.76, இரும்பு −0.44, வெள்ளீயம் −0.14, ஹைட்ரஜன் 0, தாமிரம் +0.34, வெள்ளி +0.80. கீழ்மதிப்பு உள்ளது எலக்ட்ரானைக் கொடுக்கும், மேல்மதிப்பு உள்ளதன் அயனி வாங்கும். வாங்குவதன் மதிப்பிலிருந்து கொடுப்பதன் மதிப்பைக் கழித்தால் கலத்தின் வோல்ட்: 0.34 − (−0.76) = 1.10.

தாமிரமும் வெள்ளி அயனியும் சேரும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரு தாமிரம் இரண்டு எலக்ட்ரான் கொடுக்கும், ஒரு வெள்ளி அயனி ஒன்றுதான் வாங்கும். எனவே வெள்ளிப் பாதியை இரண்டால் பெருக்க வேண்டும். அப்போது 0.80-ஐயும் இரண்டால் பெருக்கிவிடுபவர்கள் உண்டு. கூடாது. வோல்ட் என்பது ஒவ்வொரு கூலூமுக்குமான ஆற்றல். எத்தனை எலக்ட்ரான் போனாலும் அது மாறாது. விடை 0.80 − 0.34 = 0.46 வோல்ட். பெருக்க வேண்டியது ஆற்றலை: 2 × 96,485 × 0.46, சுமார் 89 கிலோஜூல்.

பட்டியல் எதைச் சொல்லாது என்பதும் தெரிய வேண்டும். அலுமினியம் துத்தநாகத்தைவிடக் கீழே இருக்கிறது, எனவே நீலக் கரைசலில் இன்னும் வேகமாக வினைபுரிய வேண்டும். அலுமினியத் தாளின் சிறு துண்டு ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள்: நெடுநேரம் ஒன்றும் நடக்காது. ஒரு சிட்டிகை சமையல் உப்பைச் சேர்த்தால் சற்று நேரத்தில் தாள் அரிக்கப்பட்டுக் கரைசல் சூடாகும், செம்பழுப்புத் தாமிரம் விழும். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் தடுத்துக்கொண்டிருந்தது. குளோரைடு அயனி அதை உடைத்துவிட்டது. மிகச் சிறிய அளவில் மட்டும் செய்யுங்கள், ஹைட்ரஜன் வாயுவும் வரும். வோல்ட் நடக்குமா என்று சொல்லும். எவ்வளவு வேகமாக என்பது வேறு கேள்வி.

துருவுக்கும் இதே பட்டியல் பொருந்தும். துத்தநாகம் பூசிய இரும்பாலான ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும் பக்கத்தில் உள்ள துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுத்து, தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயம் பூசிய டப்பாவில் கீறல் விழுந்தால் கதை தலைகீழ்: இரும்புதான் கீழே இருக்கிறது, எனவே இரும்பு கரையும். கடல் உப்புக் காற்றில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோக அரிமானத்தைச் சோதிக்க ஒரு நிலையம் வைத்திருப்பது அதனால்தான். அந்த ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

திருப்பி ஓட்டுதல்

நம் கலத்தின் தாமிரத்தோடு 1.5 வோல்ட் உலர்மின்கலம் ஒன்றின் கூட்டல் முனையையும், துத்தநாகத்தோடு கழித்தல் முனையையும் இணையுங்கள். இரண்டும் எதிரெதிராகத் தள்ளுகின்றன; 1.5 வென்றுவிடும். இப்போது தாமிரம் கரையும், துத்தநாகம் படியும். சரியாக 1.10 வோல்ட் கொடுத்தால் எதுவும் ஓடாது. அதற்குக் கீழே நம் கலம் தள்ளும், மேலே நாம் தள்ளுகிறோம். பேட்டரியை சார்ஜ் போடுவது இதுதான்.

தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதும் இதே வேலை, ராட்சத அளவில். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறை அது. அங்கேயும் எலக்ட்ரானை எண்ணுங்கள். 27 கிராம் அலுமினியத்துக்கு மூன்று மோல் எலக்ட்ரான். ஒரு கிலோவுக்கு 111 மோல், அதாவது ஏறத்தாழ 2,980 ஆம்பியர்-மணி. ஆலைக் கலங்கள் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேலே இயங்குகின்றன. பெருக்கினால் ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் வருகிறது. மின்னோட்டத்தில் கொஞ்சம் வீணாவதால் உண்மையில் 13 முதல் 15 யூனிட் வரை ஆகிறது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடம் பார்த்து அலுமினிய ஆலைகளைக் கட்டுவதற்கு இதுதான் காரணம்.

மிச்சக் கரைசலை என்ன செய்வது

நீலக் கரைசலைச் சாக்கடையிலோ கிணற்றோரமோ ஊற்றாதீர்கள். தாமிர அயனி மீனுக்கும் பாசிக்கும் கேடு. அதற்கும் இந்தப் பாடமே வழி சொல்கிறது. மிச்சத்தை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, தேய்த்துச் சுத்தம் செய்த பழைய இரும்பு ஆணிகளையும் இரும்புக் கம்பளியையும் போட்டு ஒன்றிரண்டு நாள் வையுங்கள். இரும்புக்கும் தாமிர அயனிக்கும் இடையே 0.78 வோல்ட் இருப்பதால் தாமிரம் செம்பழுப்பாகப் படிந்துவிடும், நீலம் போய் வெளிர்பச்சையோ பழுப்போ மிஞ்சும். துணியில் வடிகட்டித் தாமிரத்தைக் காயவைத்து, பழைய உலோகம் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். வடிநீரில் துத்தநாக உப்பும் இரும்பு உப்பும் இருக்கும். அதைப் பள்ளி ஆய்வகக் கழிவோடு சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள்.